கொப்பிக் கணக்குத் தெரியாத கார்ட்

பொருள்சார் நிரலாக்கம் படிப்பிக்கிற நோட்ஸ்களில ஷொப்பிங் கார்ட் கிளாஸ் ஒரு நிரந்தர விருந்தாளி. சாமானுக்குப் பெயர், விலை, எண்ணிக்கை. கார்ட்டுக்குச் சேர், நீக்கு, கூட்டு எண்டு மூண்டு வேலை. அவ்வளவுதான். கலைப்பீடத்துக்காரருக்கு ஏன் இந்தக் கதை எண்டு கேக்கிறவைக்கு எங்கட பதில்: ஒரு கிளாஸை வடிவமைக்கிறது எண்டால், உலகத்தில எதை நினைவில வைக்கிறது, எதை விடுறது எண்டு முடிவெடுக்கிறது. அது அரசியல்.

எங்கட ஊர்க் கடைக்கு வாங்கோ. அரை றாத்தல் பாண், கால் கிலோ பருப்பு, ஒரு கட்டுக் கீரை. எண்ணிக்கையை முழு எண்ணாக வைச்ச கார்ட்டில அரை றாத்தலுக்கு இடமில்லை. அளவும் அலகும் சேர்ந்து ஒரு ஒப்ஜெக்டாக இருக்கவேணும்.

விலை அதைவிடச் சிக்கல். 2022 செப்டெம்பரில, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். காலமை கார்ட்டில போட்ட சாமானுக்குப் பின்னேரம் எந்த விலை? அதைச் சொல்லாத கிளாஸ் கடைக்காரரையும் ஏமாத்தும், வாங்க வந்தவரையும் ஏமாத்தும்.

அதே ஆண்டு பெற்றோலுக்கு கியூஆரும் வாராந்தக் கோட்டாவும் வந்தது. அதுக்கு முதல், பொருளாதாரத் தடைக்குள்ள சங்கக்கடை வரிசையில நிண்ட தலைமுறை எங்கட வீடுகளில இருக்கு. 'சேர்' எண்டு சொன்னதும் சாமான் சேராது எண்டு அவைக்குத் தெரியும். பங்கீட்டு விதியைக் கார்ட்டுக்குள்ள புதைக்காமல் தனி கிளாஸாக வையுங்கோ. கார்ட் அதைக் கேட்டுச் சாமானைச் சேர்க்கட்டும். நாளைக்கு விதி மாறினால் விதியை மட்டும் மாத்தலாம்.

அடுத்தது கொப்பி. சம்பளம் வரும்வரை கொப்பியில எழுதிச் சாமான் எடுக்கிற வீடுகள் இங்க எத்தினை! நோட்ஸ் கார்ட்டுக்குக் கடன் எண்டால் என்னெண்டே தெரியாது. காசு கட்டினால் ஓடர், கட்டாட்டி ஒண்டுமில்லை. அப்பிடி ஒரு மென்பொருளைக் கடையில பூட்டினால் வெளியில நிக்கப்போறது ஆர்?

'தொடக்கப் பிள்ளையளுக்கு எளிய உதாரணம்தானே வேணும்' எண்டுவினம். சரி. ஆனால் சுப்பர்மார்க்கெட்தான் எளிமை, ஊர்க்கடை விதிவிலக்கு எண்டு தீர்மானிச்சது ஆர்? எங்களுக்குச் சுப்பர்மார்க்கெட்தான் பிறகு வந்தது.

தமிழில பொருள் எண்டால் சாமானும்தான், அர்த்தமும்தான். அடுத்த முறை கார்ட் கிளாஸ் எழுத முதல், கணினிப் பிள்ளையளும் நாங்களுமாக ஒரு கடை வாங்கில அரை மணித்தியாலம் இருப்பம். கொப்பியையும் கேட்டு வாங்கிப் பாப்பம்.