கியூவில் சக்கர வண்டிக்கு இடம் உண்டா?

காணும் பொங்கல் அன்று நம் மாவட்டத்தில் ஒரு சுற்றுலா இடம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

டிக்கெட் வாங்க அனுமார் வால் போல கியூ. கால் நடக்க முடியாத ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வந்தார். கூடவே மனைவி, மச்சான், மச்சான் பிள்ளைகள் என்று பதினோரு பேர்!

"அண்ணே, எங்களைக் கொஞ்சம் முன்னாடி விட்டுருங்க" என்றார். காவலாளி கயிற்றை அவிழ்க்கப் போனார்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு போகட்டும்யா. கூட பதினோரு பேர் எதுக்கு? நாங்க மட்டும் வெயில்ல காயணுமா?"

காவலாளி கயிற்றை மறுபடி கட்டிவிட்டார். வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

தப்பு யார் மேல்? அவர் மேலும் இல்லை, அந்த அம்மா மேலும் இல்லை. ஒரு முறை இல்லை. அதுதான் தப்பு!

அமெரிக்காவிலும் இதே சண்டை

டிஸ்னி பூங்காக்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்பு ஒரு சலுகை அட்டை இருந்தது. பணக்காரப் பேர்வழிகள் சிலர் மாற்றுத்திறனாளிகளை வாடகைக்கு அமர்த்தி, கியூவைத் தாண்டுகிறார்கள் என்று 2013-ல் விஷயம் நாறியது. அதே வருஷம் முறையை மாற்றினார்கள்.

கியூ ஒரு மணி நேரம் என்றால், இவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச்சொல்லி நேரம் குறித்துக் கொடுப்பார்கள். ஆனால் வெயிலில் நிற்க வேண்டாம். நிழலில் உட்காரலாம்.

2024-ல் இன்னும் இறுக்கினார்கள். நிஜமாகவே தேவைப்பட்டவர்களும் விடுபட்டுப் போனதாகப் புகார் கிளம்பியது. தளர்த்தினாலும் வம்பு, இறுக்கினாலும் வம்பு!

சித்தன்னவாசலில் என்ன செய்யலாம்?

காணும் பொங்கல் என்றால் சித்தன்னவாசலில் ஜே ஜே என்று கூட்டம். அறிவர் கோயில் ஓவியங்களைப் பார்க்கப் படியேற வேண்டும். குகைக்குள் இடமும் சின்னது. தொல்லியல் துறை பாதுகாக்கிற பாறை அது. நினைத்தபடி உடைத்துச் சாய்தளம் போட முடியாது. சரி, ஒத்துக்கொள்வோம்.

அந்த ஓவியங்களைப் பெரிய படமாக அடிவாரத்தில் வைக்கலாமே! கீழே பூங்காவில் படி இருக்கிற இடத்தில் சாய்தளம் போட யார் தடுத்தது?

சென்னை மெரினா மணலிலேயே 2022 நவம்பர் 27-ல் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. விட்டுவிடவில்லை, சரி செய்தார்கள். மணலில் முடிந்தது கட்டாந்தரையில் முடியாதா?

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். 2016 சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. இந்த வசதிகளுக்கான விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

நாம் கேட்பது பெரிய செலவில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் நேரம் போட்ட டோக்கன். துணைக்கு இரண்டு பேர். மற்ற சொந்தபந்தம் கியூவில் வரட்டும். நிழலில் நாலு பெஞ்சு. காது கேளாதவர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் இவர்களுக்குச் சக்கர வண்டி இருக்காது. "உனக்கென்ன குறை?" என்று வாசலில் வைத்து விசாரணை வேண்டாம்.

இதனால் மற்றவர்கள் ஐந்து நிமிஷம் கூடுதலாக நிற்க வேண்டி வரலாம். அதை மறைக்க வேண்டாம். முறை என்னவென்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டுவிட்டால், அந்த அம்மாவே "நீங்க போங்கண்ணே" என்று வழி விடுவார்.

அடுத்த தை பிறக்குமுன் அதிகாரிகள் இதைச் செய்யட்டும். திரும்பிப் போனாரே, அவரும் பிள்ளைகளோடு ஊர் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்தான்!