பெரிய ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

"எக்ஸ்-ரேயெல்லாம் பழசு அண்ணாச்சி. பெரிய ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டா உள்ள இருக்கிறது மொத்தமும் தெரிஞ்சிடும்." மும்பை பாண்டுப்பில் நம் ஜனங்களிடம் இந்தப் பேச்சு ஊறிப்போயிருக்கிறது. டாக்டர் கேட்காத ஸ்கேனுக்காகச் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுக்கிறவர்களும், ஊருக்குப் போக வைத்திருந்த காசைக் கரைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதை நம்பி அப்படிச் செய்கிறார்களோ, அது உண்மையில்லை.

எக்ஸ்-ரே பழசு என்பது சரி. ராண்ட்ஜன் 1895இல் கண்டுபிடித்தது. பழசானதால் மட்டம் என்பதுதான் தவறு. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்கக் காசநோய்ப் பரவல் ஆய்வு நடந்தது. கிருமி உறுதியானவர்களில் 42.6 சதவீதத்தினர் மார்பு எக்ஸ்-ரே மட்டும் இல்லாதிருந்தால் தவறிப்போயிருப்பார்கள் என்று அது சொன்னது. அவர்களிடம் சந்தேகிக்கும்படியான இருமலோ காய்ச்சலோ இல்லை. படத்தில் நிழல் விழுந்ததால்தான் சளியைக் கேட்டு வாங்கினார்கள். நெருக்கமான சால் வீடுகளில் வாழும் நமக்கு, அந்தச் சாதாரணப் படத்தைவிட உதவியான படம் வேறு இல்லை என்றே சொல்வேன்.

படத்தைப் பார்த்தாலே நோயின் பெயர் தெரிந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. நுரையீரலில் தெரியும் நிழல் காசநோயாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், புற்றுநோயாகவும் எப்போதோ ஆறிய தழும்பாகவும் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் அதன் எல்லையையும் ஆழத்தையும் துல்லியமாகக் காட்டும், கிருமியைக் காட்டாது. சளியில் செய்யும் சி.பி.நாட் சோதனை, கிருமி இருக்கிறதா என்பதையும் அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். மாஹிம் ஹிந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஸரீர் உத்வாடியா குழுவினர், தாங்கள் சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயைப் பற்றி 2011 இறுதியில் அறிவித்தபோது உலகமே மும்பையைத் திரும்பிப் பார்த்தது. அந்த உண்மை வெளிவந்தது ஆய்வகத்தில் வளர்த்த கிருமியிலிருந்து.

முதுகுவலிக்காரர்கள் கதை இன்னும் வேதனையானது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்று கண்டதும், லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போன மனிதர் படுத்துவிடுகிறார். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் தேய்மானம் இருந்தது. தலைநரை போல அது பெரும்பாலும் வயதின் அடையாளம். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ அதே எம்.ஆர்.ஐ. உடனே வேண்டும். டாக்டர் விசாரித்து, தொட்டு, தட்டிப் பார்த்து எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் படம் பேசும்.

"எடுத்து வச்சா நஷ்டம் என்ன?" என்கிறார்கள். வயிற்று சி.டி. ஒன்றின் கதிரளவு, மார்பு எக்ஸ்-ரே எழுபது எண்பது எடுத்ததற்குச் சமம். தேவைப்பட்டு எடுக்கும்போது பலன் அந்தச் சிறு ஆபத்தைவிடப் பெரிது, தயங்க வேண்டாம். தேவையில்லாதபோது ஆபத்து மட்டுமே மிச்சம். சோனோகிராபியில் கதிர் கிடையாது, ஆனால் அதையும் கண்டபடி எடுத்தால் விளைவு உண்டு. தென்கொரியாவில் நலமாக இருந்தவர்களுக்கெல்லாம் கழுத்தில் சோனோகிராபி செய்யப்போய், 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993ஐவிட 15 மடங்காகியது. அந்த நோயால் இறப்பவர் விகிதம் மாறவே இல்லை. கழுத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் பலர், காலமெல்லாம் மாத்திரை விழுங்கவேண்டியவர்கள் ஆனார்கள். எம்.ஆர்.ஐ.யிலும் கதிர் இல்லை, காந்தம் இருக்கிறது. 2018 ஜனவரியில் நம் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன இளைஞர் இயந்திரத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

டாக்டரே எழுதித் தருகிறாரே என்பீர்கள். பெரும்பாலானோர் காரணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனாலும் கமிஷனுக்கு அனுப்பும் 'கட் பிராக்டிஸ்' இருப்பதால்தான், அதைத் தடுக்கும் சட்ட வரைவுக்காக மகாராஷ்டிர அரசு 2017இல் குழு அமைத்தது. "இதுல என்ன தேடுறீங்க டாக்டர்? முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். பழைய ஃபிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். நிழல் புதியதா பழையதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

பக்கவாதத்துக்கு மட்டும் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதைத் தலை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு என்றால் அதே ஊசி உயிரைக் குடிக்கும். பக்கத்து டிஸ்பென்சரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்காமல், சி.டி. வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராக வண்டியை விடச் சொல்லுங்கள்.