கிணற்றில் யானை, வெள்ளத்தில் மாடு: மீட்கச் செல்பவர்களுக்குப் பயிற்சி எங்கே?

புதுடெல்லி: 2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் யானை ஒன்று கிணற்றுக்குள் தவறி விழுந்தது. வனத்துறையினர் கிராம மக்களின் உதவியுடன் மோட்டார் மூலம் கிணற்றில் தண்ணீரை நிரப்பினர். நீர்மட்டம் உயர உயர யானையும் மிதந்து மேலே வந்தது. பின்னர் கரையில் அமைக்கப்பட்ட சரிவுப் பாதை வழியாக அது வெளியேறியது.

அதே ஆண்டு நவம்பரில் தருமபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி அருகே விவசாயக் கிணற்றில் விழுந்த பெண் யானை, மயக்க ஊசி செலுத்தப்பட்டு கிரேன் மூலம் தூக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கிணற்றுக்குள் சிக்கிய யானைக்கு, பொக்லைன் இயந்திரம் கொண்டு பக்கவாட்டில் மண்ணை வெட்டி வழி ஏற்படுத்தப்பட்டது.

மூன்று யானைகளும் மீட்கப்பட்டன. ஆனால் கையாளப்பட்ட வழிகள் மூன்றும் வெவ்வேறானவை. கிணற்றின் ஆழம், மண்ணின் தன்மை, விலங்கின் உடல்நிலை, சுற்றியுள்ள கூட்டம் ஆகிய அனைத்தையும் கணித்து எடுக்க வேண்டிய முடிவு அது. அப்படி முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் சம்பவ இடத்தில் இருப்பார் என்பதற்கு இன்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பதே கவலைக்குரியது.

பயிற்சியின்மை பறிக்கும் மனித உயிர்கள்

விலங்கு மீட்புப் பயிற்சி என்பது விலங்குகளுக்காக மட்டுமே கேட்கப்படுவது அன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் மகாராஷ்டிர மாநிலம் அகமதுநகர் மாவட்டத்தில், சாண எரிவாயுக் கழிவு தேக்கப்பட்டிருந்த பழைய கிணற்றில் பூனை ஒன்று விழுந்தது. அதைக் காப்பாற்ற ஒருவர் இறங்க, அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்க, இறுதியில் ஐந்து பேர் உயிரிழந்தனர். ஒரு சிறிய பூனைக்கே இந்த நிலை என்றால், 400 கிலோ எடையுள்ள எருமை மிரண்டு உதைக்கும் இடத்தில் ஏற்படக்கூடிய ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளம், புயல் காலங்களிலும் இதே நிலைதான். வெளியேறும்படி அதிகாரிகள் அறிவுறுத்தினாலும், கறவை மாட்டை விட்டுவிட்டு வர மறுக்கும் குடும்பங்கள் ஏராளம். முகாமுக்கு வந்த பின்னரும் மாட்டை அவிழ்த்துவிட இரவில் திரும்பிச் சென்று நீரில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. மனிதர்களை முழுமையாக வெளியேற்ற வேண்டுமெனில், அவர்களின் கால்நடைகளுக்கும் வழி சொல்லியாக வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் வெறும் சொத்து

2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 53 கோடிக்கும் அதிகமான கால்நடைகள் உள்ளன. இவற்றில் மாடுகள் 19 கோடிக்கும் மேல். எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. 1999ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன.

இருப்பினும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடரை வரையறுக்கும்போது உயிரிழப்பு, மனிதத் துயரம், சொத்துச் சேதம், சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகியவற்றையே குறிப்பிடுகிறது. விலங்குகள் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. நடைமுறையில் மாடு என்பது இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறும் ஒரு சொத்தாகவே எஞ்சுகிறது. 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட நிவாரண விதிமுறைகளின்படி கறவை மாடு அல்லது எருமை ஒன்றுக்கு ரூ.37,500, உழவு மாட்டுக்கு ரூ.32,000 என நிர்ணயிக்கப்பட்டது. நல்ல கறவை மாடு ஒன்றின் விலைக்கு இத்தொகை ஈடாகாது. அதன் மூலம் கிடைத்துவந்த அன்றாட வருமானத்துக்கும் ஈடாகாது. மாட்டை உயிருடன் மீட்பதே அக்குடும்பத்துக்கான உண்மையான நிவாரணம்.

கற்றுத்தர வேண்டியவை என்ன?

பெரிய விலங்கு மீட்பில் நிகழும் தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் நிகழ்பவையே. சேற்றில் புதைந்த மாட்டின் கழுத்திலோ கொம்பிலோ காலிலோ வாலிலோ கயிறு கட்டி இழுப்பது வழக்கமாக உள்ளது. இதனால் மூட்டு விலகலாம், மூச்சுத் திணறலாம். உடலைச் சுற்றி அகலமான பட்டைகளைப் பொருத்தி, எடை பரவும்படி இழுப்பதே சரியான முறை. சேறு இறுகப் பிடித்திருந்தால், கால்களைச் சுற்றித் தண்ணீரைப் பாய்ச்சி அந்தப் பிடியைத் தளர்த்திய பிறகே இழுக்க வேண்டும்.

அசைபோடும் விலங்கு நெடுநேரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிற்றில் வாயு தேங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், அதை நெஞ்சு ஊன்றிய நிலையில் அமர்த்த வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் தொழுவத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். விலங்கின் உதைக்கு எட்டும் பகுதியில் நிற்காமல் இருப்பது, கூட்டத்தை விலக்கி அமைதி காப்பது, ஒருவர் மட்டுமே கட்டளையிடுவது ஆகியவையும் பாடத்தின் ஒரு பகுதி. இவற்றைக் கற்க மாதக்கணக்கில் காலம் தேவையில்லை.

பிரிட்டனில் பல தீயணைப்புப் படைகள் விலங்கு மீட்புக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற குழுக்களை வைத்துள்ளன. நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. அசாமின் காசிரங்கா அருகே 2002ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வனவிலங்கு மறுவாழ்வு மையம், வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டிகள் உட்படப் பல விலங்குகளை மீட்டு வருகிறது. கால்நடை மருத்துவரும் வனத்துறையும் ஆண்டுதோறும் ஒன்றாகப் பணியாற்றுவதே அதன் பலம்.

இருக்கும் கட்டமைப்பே போதும்

இதற்கெனப் புதிய படை ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. தேசிய பேரிடர் மீட்புப் படையில் 16 பட்டாலியன்கள் உள்ளன. 'ஆப்த மித்ரா' திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இலக்குடன் கொண்டுவரப்பட்டது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள், ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டமிடப்பட்டவை.

ஆனால் இவை தனித்தனிக் கம்பிகளாகவே நீள்கின்றன. தீயணைப்பு வீரரிடம் கயிறும் ஏணியும் உண்டு. மயக்க மருந்து இல்லை. கால்நடை மருத்துவரிடம் மருந்து உண்டு. கிணற்றில் இறங்கும் கருவி இல்லை. காட்டு யானை என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனத்துறையின் அனுமதியும் தேவை. சம்பவ இடத்தில்தான் இவர்கள் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள் என்றால், முதல் சில மணி நேரம் பேச்சிலேயே கழிந்துவிடும்.

எனவே, தன்னார்வலர் பயிற்சியில் விலங்கு மீட்புக்கு ஒரு நாளை ஒதுக்குவது, தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையை 1962 சேவையுடன் இணைப்பது, பருவமழைக்கு முன் நடக்கும் மாவட்ட ஒத்திகையில் மாட்டையும் சேர்ப்பது ஆகிய மூன்றும் உடனடியாகச் சாத்தியமானவை.

மனித உயிருக்கே முதலிடம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிராமங்களில் மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை மட்டும் காப்பாற்றும் திட்டம், வெள்ளம் வரும் இரவில் பயன்படாது.