பெற்றவளைத் தூற்றலாமா?

பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் எங்காவது ஒரு பச்சைக்குழந்தை அநாதையாகக் கிடந்தது என்று செய்தி வந்தால் போதும். டீக்கடை பெஞ்சிலேயே தீர்ப்பு தயார்!

"கல்நெஞ்சக்காரி! இவளெல்லாம் ஒரு தாயா?"

பிள்ளையின் தகப்பன் யார், அவன் எங்கே போனான் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் வாய் வராது.

அவள் யாராக இருப்பாள்? விடிந்ததும் ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போகிற பெண்ணாக இருக்கலாம். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிறவளாக இருக்கலாம். தாலி கட்டுகிறேன் என்று சொன்னவன் கம்பி நீட்டியிருப்பான். அல்லது, கட்டியவன் செத்துப்போய், இருக்கிற பிள்ளைகளுக்கே கஞ்சி ஊற்ற வழி இருக்காது.

அழவும் முடியாது

பிள்ளையைக் கொடுத்துவிட்டது அவள் உடம்புக்குத் தெரியுமா? பிரசவமான இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டும். குடிக்கப் பிள்ளை இல்லை. யாருக்கும் தெரியாமல் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகவேண்டும்.

சாவு வீட்டில்கூட வாய்விட்டு ஒப்பாரி வைக்கலாம். இவள் அழுதால், "என்னடி ஆச்சு?" என்று நாலு பேர் கேட்பார்கள். வருஷா வருஷம் பிறந்த தேதி வரும். தெருவில் அதே வயசுப் பிள்ளை யூனிபாரம் போட்டுப் போனால் நெஞ்சு அடைக்கும். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

மன்னிப்பு கேட்ட பிரதமர்

ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில், கல்யாணமாகாத தாய்மாரிடம் இருந்து பிள்ளைகளைப் பிரித்துத் தத்து கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாய்மார் கிழவிகளான பிறகும் வலி ஆறவில்லை. செனட் சபை விசாரித்து 2012-ல் அறிக்கை கொடுத்தது. 2013 மார்ச் 21-ந்தேதி பிரதமர் ஜூலியா கில்லார்டு நாட்டின் சார்பில் அவர்களிடம் மன்னிப்பு கேட்டார்.

நம் ஊரில் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த நல்ல திட்டம். பிள்ளைகள் உயிர் பிழைத்தன. ஆனால், தொட்டிலில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடந்தாளே, அவள் என்ன ஆனாள் என்று யார் கேட்டது?

2 மாத அவகாசம்

சட்டம் அவளைக் கைவிடவில்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, வளர்க்க வழியில்லாத தாய், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை முறைப்படி ஒப்படைக்கலாம். முதலில் ஆலோசனை சொல்வார்கள். எழுதிக் கொடுத்த பிறகும் மனசு மாற 2 மாத அவகாசம் உண்டு. அதற்குள் பிள்ளையைத் திருப்பிக் கேட்கலாம். 1098-க்கு ஒரு போன் போட்டாலே வழி சொல்வார்கள்.

இது தெரியாததால்தான் புரோக்கர்கள் நுழைகிறார்கள். 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விலை பேசிய ஆடியோ வெளியாகி ஊரே அதிர்ந்தது. பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். அதைவிட, புரோக்கர் கைக்குப் போன பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேட ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது.

செய்யவேண்டியது என்ன?

இந்தச் சட்டத்தைப் பிரசவ வார்டிலேயே சொல்லவேண்டும். சுவரில் தமிழிலும் உருதிலும் எழுதிப் போடவேண்டும். கையெழுத்து வாங்கியதோடு ஆலோசனை முடிந்துவிடக் கூடாது. பால் வற்றும்வரை வைத்தியமும், மனசு தேறும்வரை பேச ஒரு ஆளும் அவளுக்கு வேண்டும். பிள்ளையை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவளுக்கு, அதற்கான உதவி முதலில் கிடைக்கவேண்டும்.

ஊர் செய்யவேண்டியது ஒன்றுதான். வாயை அடக்கவேண்டும். ஊர் வாய்க்குப் பயந்துதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் புதரைத் தேடிப் போகிறாள். தூற்றுகிற வாய் மூடினால், ஒரு பிள்ளையாவது குப்பைமேட்டுக்குப் போகாமல் தப்பும்!