மாம்பூவில் ஈ மொய்த்தால் மருந்தடிக்க வேண்டுமா?

தை பிறந்தால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து மாந்தோப்புகளில் இலை தெரியாத அளவுக்குப் பூ நிற்கும். எல்லை தாண்டி ஆந்திராவின் நகரியிலும் அப்படித்தான். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மாம்பூ பற்றிய நம்பிக்கைகளும் இரு பக்கத்துக்கும் பொது. "பூவில் ஈ மொய்க்குது, தேனீ சாற்றை உறிஞ்சுது, பூவெல்லாம் கொட்டுது, உடனே மருந்தடி" என்பது அவற்றில் முதலாவது. மருந்துக் கடைக்காரரும் ஆமாம் என்பார். அவர் வேறென்ன சொல்வார்?

முதலில் கொட்டும் பூவைப் பார்ப்போம். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கு மேலும் பூக்கள் இருக்கும். அவற்றில் பல ஆண் பூக்கள். காயாகும் சூலகம் அவற்றில் வளர்வதே இல்லை. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு உதிர்வதுதான் அவற்றின் வேலை. மீதி இருபால் பூக்கள். அவையும் எல்லாம் பிடித்தால் காம்பு தாங்காது. கொத்துக்கு ஒன்றிரண்டு காய் முற்றி நின்றாலே நல்ல காய்ப்பு. தரையில் பூ கிடப்பதைப் பார்த்துப் பதறுவது வீண்.

"மகரந்தம் சேர்க்கக் காற்று போதாதா?" கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போதும். அவற்றின் மகரந்தம் உலர்ந்தது, ஏராளமானது. மாம்பூவில் ஐந்து மகரந்தத் தாள்கள் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றவை மலடு. அந்த ஒன்றின் மகரந்தமும் பிசுபிசுப்பானது. அதைச் சூல்முடிக்குச் சுமந்து போக ஆறு கால் வேண்டும். அங்கே ஒட்டிய துகள் குழாயாக முளைத்து, சூலகத்துக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் ஒரே சூலைக் கருவுறச் செய்ய வேண்டும். தசேரி போன்ற ரகங்களுக்குச் சொந்த மகரந்தம் பிடிக்காது. வேறு ரகத்து மரத்திலிருந்து வந்தாக வேண்டும்.

சுமப்பவர்களில் தேனீயும் கொசுத்தேனீயும் உண்டு. ஆனால் நாம் அருவருக்கும் ஈக்களுக்குத்தான் இங்கே பெரிய பங்கு. தைவான் மா விவசாயிகள் அழுகிய மீனைத் தோப்பில் வைத்து ஈக்களை வரவழைக்கிறார்கள். நாம் காசு கொடுத்துத் துரத்துகிறோம்!

தேனை உறிஞ்சினால் காய் சத்திழக்கும் என்பதும் தவறு. தேன் வருகிறவர்களுக்காகவே சுரப்பது. காயை வளர்ப்பது இலை செய்யும் உணவு.

இன்னொரு பயம், பக்கத்துத் தோப்பு நாட்டு மாவின் மகரந்தம் பட்டால் நம் பங்கனப்பள்ளியின் ருசி கெட்டுவிடும் என்பது. நாம் தின்னும் சதை தாய்மரத்தின் சூலகச் சுவர். கலப்பு நடப்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பில். அதனால்தான் கொட்டை போட்டு முளைத்த கன்று தாயைப் போலக் காய்ப்பதில்லை; ஒட்டுக்கன்று வாங்குகிறோம். நீலத்தையும் தசேரியையும் கலந்து மல்லிகா ரகத்தை உண்டாக்கியதும் பருப்பில் நடக்கும் இந்தக் கலப்பால்தான்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. தத்துப்பூச்சி நிஜமான எதிரி. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் கருக வைக்கும். அது கழிக்கும் இனிப்புக் கசிவில் கரும்பூசணம் படரும். அதை விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெளிக்க வேண்டிய வேளை கொத்து நீளும்போது, பூ விரிவதற்கு முன். விரிந்த பிறகு அடிக்கும் மருந்து தத்துப்பூச்சியோடு ஈயையும் தேனீயையும் சேர்த்தே கொல்லும். மாம்பூவின் மகரந்தப்பை வெடிப்பது பெரும்பாலும் முற்பகலில். நம் ஆட்கள் தெளிப்பானைத் தூக்குவதும் அதே நேரத்தில்.

இந்தத் தையில் பூ முழுதாக விரிந்து நிற்கும் நாட்களுக்கு மட்டுமாவது தெளிப்பானைக் கொட்டகையிலேயே வையுங்கள்.