பத்திரிகை வைக்காத பங்காளி

மண்டபம் பிடித்தாயிற்று, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, நகையும் எடுத்தாயிற்று. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஒரு பங்காளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ‘எனக்கு முறையா பத்திரிகை வைக்கலையே!’ கல்யாணச் செலவில் அவர் ஒரு பைசா போட்டவர் இல்லை. ஆனால், அவர் வராவிட்டால் இன்னும் பத்துக் குடும்பம் வராது.

அலுவலக புராஜெக்ட்களிலும் இந்தப் பங்காளி உண்டு. நிர்வாகவியலில் அவருக்குப் பெயர் ‘ஸ்டேக்ஹோல்டர்’. பணம் போட்டவர் மட்டுமல்ல, ஒரு வேலையால் பாதிக்கப்படுகிறவர், அந்த வேலையைப் பாதிக்கக்கூடியவர் எல்லோருமே ஸ்டேக்ஹோல்டர்தான் என்று 1984-ல் வெளியான புத்தகத்தில் விளக்கினார் அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமேன்.

இவர்களை எடைபோட எளிய கட்டம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு இரண்டே கேள்விகள்: இந்த வேலையில் இவருக்குச் செல்வாக்கு எவ்வளவு? அக்கறை எவ்வளவு?

இரண்டும் அதிகமா? பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

செல்வாக்கு அதிகம், அக்கறை குறைவா? மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கறை அதிகம், செல்வாக்கு குறைவா? அவ்வப்போது விவரம் சொல்லிவர வேண்டும்.

இரண்டுமே குறைவா? ஒரு கண் வைத்திருந்தால் போதும்.

ஆளைத் தவறான கட்டத்தில் வைத்தால் என்ன ஆகும்? எண்ணெய் நிறுவனமான ஷெல் 1995-ல் பட்ட பாடே பாடம்.

வட கடலில் ‘பிரெண்ட் ஸ்பார்’ என்று ஒரு மிதக்கும் எண்ணெய்க் கிடங்கு இருந்தது. எடை 14,500 டன். 1976-ல் நிறுவப்பட்ட அது பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டதும், அட்லான்டிக் ஆழத்தில் மூழ்கடித்துவிட ஷெல் முடிவு செய்தது. ஆய்வுகள் நடந்தன. பிரிட்டிஷ் அரசின் அனுமதியும் கிடைத்தது. கேட்க வேண்டியவர்களை எல்லாம் கேட்டாயிற்று என்றுதான் நினைத்தார்கள்.

ஏப்ரல் 30 அன்று கிரீன்பீஸ் அமைப்பினர் அந்தக் கிடங்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். காட்சிகள் டி.வி-யில் ஓடின. ஜெர்மனியில் கார் ஓட்டுபவர்கள் ஷெல் பங்க்கைத் தாண்டிப்போய் வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டார்கள். சில பங்க்குகள் தாக்கப்பட்டன. ஜூன் 20 அன்று, மூழ்கடிக்கும் இடத்துக்குக் கிடங்கு இழுத்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தபோதே ஷெல் பின்வாங்கியது. அதுவரை அதற்காக வாதாடிய பிரிட்டிஷ் அரசுக்குத்தான் தர்மசங்கடம்.

ஒரு ஜெர்மன் கார்காரரால் தனியாக எதையும் தடுக்க முடியாது. ‘ஒரு கண் வைத்திருந்தால் போதும்’ கட்டத்தில்தான் அவர் இருந்தார். அவரைப் போன்றவர்கள் ஒன்று சேர்ந்ததும், ‘பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும்’ கட்டத்துக்குத் தாவிவிட்டார்கள். ஷெல்லின் பட்டியல் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. கிடங்கில் 5,500 டன் எண்ணெய் மிச்சமிருப்பதாக கிரீன்பீஸ் சொன்ன கணக்கு தப்பு. செப்டம்பரில் அந்த அமைப்பே வருத்தம் தெரிவித்தது. ஆனால், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நம் பக்கம் கணக்கு சரியாக இருந்தாலும், முன்கூட்டியே பேசாவிட்டால் அதைக் கேட்க ஆள் இருக்காது.

அடுத்த முறை ஷெல் விமர்சகர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கருத்துக் கேட்டது. கடைசியில் பிரெண்ட் ஸ்பார் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, நார்வேயில் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே கப்பல்துறை கட்ட அடித்தளமானது.

ஆகவே, புராஜெக்ட்டின் முதல் நாளில் போட்ட பட்டியலை ஃபைலில் பூட்டிவைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை எடுத்து, ‘யார் கட்டம் மாறியிருக்கிறார்கள், யார் பெயரே விட்டுப்போயிருக்கிறது?’ என்று பார்க்க வேண்டும். விட்டுப்போனவர் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. வீடு தேடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாலே பாதிக் கோபம் தணியும். பங்காளிக்கும் அதுதான் குறை. பந்தியில் இலை போட்டுச் சமாதானம் செய்வதைவிட, பத்து நாள் முன்னதாக அவர் வீட்டுப் படியேறுவது சுலபம்.