ஆறாம் எண்ணும் ஒரு காற்புள்ளியும்

விக்கிப்பீடியாக் கட்டுரைகளை விட அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கங்களையும் தொகுத்தல் வரலாற்றையுமே நான் அதிகம் வாசிக்கிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். ‘பந்தியில் உட்காராமல் மடைப்பள்ளியையே சுற்றிவருகிற ஆள் ஐயா நீர்’ என்றார். மறுக்கவில்லை. பந்திக்கு வருவது பெரும்பாலும் ஆறிப்போன பண்டம். சூடும் சண்டையும் அடுக்களையில்தான். அதிலும், தீவிர ரசிகர்களைக் கொண்ட பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றிய கட்டுரை என்றால், அங்கே இலக்கிய விமர்சனத்தின் ஆதாரக் கேள்விகள் அத்தனையும் வழக்குக்கு வந்துவிடும். வழக்காடுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் செய்வது விமர்சனம் என்றே தெரியாது என்பது கூடுதல் சுவாரசியம்.

நான் மனதில் வைத்திருப்பது ‘த ப்ரிஸனர்’ என்ற தொடர். பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் 1967 செப்டம்பரில் தொடங்கி 1968 பிப்ரவரியில் முடிந்தது. மொத்தம் 17 பகுதிகள். ஓர் உளவாளி வேலையை உதறுகிறான். வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கும்போது அறைக்குள் மயக்கப் புகை செலுத்தப்படுகிறது. விழித்தெழும்போது ‘கிராமம்’ என்று மட்டுமே அழைக்கப்படும் ஓர் அழகிய கடலோரச் சிற்றூரில் இருக்கிறான். அங்கே மனிதர்களுக்குப் பெயரில்லை, எண்தான். அவன் ஆறாம் எண். ஏன் ராஜினாமா செய்தாய் என்று அவனைக் குடைந்தெடுக்கும் அதிகாரி இரண்டாம் எண். அந்த நாற்காலியில் அநேகமாக ஒவ்வொரு வாரமும் புதியவர். ஒன்றாம் எண் யார் என்பது கடைசிவரை மறைக்கப்படுகிறது. தப்பியோடுபவர்களை ஒரு பெரிய வெள்ளைப் பலூன் துரத்திவந்து அமுக்குகிறது. (பலூனா என்று சிரிக்கத் தோன்றும், பார்த்தால் சிரிப்பு வராது.) நாயகனாக நடித்த பேட்ரிக் மகூஹனே தொடரின் மூளையும்கூட. கடைசிப் பகுதியான ‘ஃபால் அவுட்’டை எழுதி இயக்கியவரும் அவரே. அது ஒளிபரப்பானபோது பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுத உட்காரும் ரசிகன் முதல் நாளே ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறான். ‘சொந்த ஆய்வு கூடாது’ என்ற விதி. நீங்கள் கண்டுபிடித்தது எத்தனை நுட்பமாக இருந்தாலும், அதை வேறொருவர் நம்பத்தகுந்த இடத்தில் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சலுகை உண்டு. கதைச்சுருக்கத்துக்கு மேற்கோள் தேவையில்லை; படைப்பே சான்று. பார்த்ததை மட்டும் எழுதலாம், பொருள் சொல்லக்கூடாது.

இலக்கிய வாசகனுக்கு இந்த விதி எரிச்சலூட்டும். எனக்கும் நெடுநாள் எரிச்சல்தான். வாசிப்பு என்பதே பொருள் சொல்வதுதானே, அதை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே என்ன மிச்சமிருக்கும்? பிறகு ஒருநாள் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். எங்கும் பதிவதற்காக அல்ல, என் குறிப்பேட்டில், ‘ஃபால் அவுட்’டின் கடைசிக் காட்சிகளைக் களஞ்சிய விதிப்படி எட்டு வாக்கியங்களில் எழுத முயன்றேன். மூன்றாவது வாக்கியத்திலேயே பிடிபட்டேன்.

காட்சி இதுதான். ஆறாம் எண் ஒன்றாம் எண்ணை நேருக்கு நேர் சந்திக்கிறான். எதிரே நிற்கும் உருவத்தின் முகமூடியைப் பிடுங்குகிறான். உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் பிடுங்குகிறான், உள்ளே அவனுடைய முகமே பைத்தியம்போலச் சிரிக்கிறது. அந்த முகம் திரையில் இருப்பது கண்சிமிட்டும் நேரம்தான். நான் எழுதியிருந்த வாக்கியம்: ‘ஒன்றாம் எண் தானேதான் என்று அவன் அறிகிறான்.’ அறிகிறான் என்பதை நான் எங்கே பார்த்தேன்? ஒரே நடிகரின் முகத்தைப் பார்த்தேன். அது அவனுடைய பிரதியாக இருக்கலாம், வேடதாரியாக இருக்கலாம், பிரமையாகவும் இருக்கலாம். இதே தொடரில் ‘த ஸ்கிட்ஸாய்ட் மேன்’ என்ற பகுதியில் அவனை அச்சில் வார்த்ததுபோன்ற வேறொரு ஆளைக் கொண்டுவந்து அவனைக் குழப்பியிருக்கிறார்கள் அல்லவா? ‘பைத்தியம்போல’ என்று சற்று முன்பு எழுதினேனே, அதுவும் விளக்கம்தான். ‘பிடுங்குகிறான்’ என்பதில்கூட ஒரு கோபத்தை ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு வினைச்சொல்லாக எடுத்து விசாரித்தபோது, நான் பார்த்ததற்கும் பார்த்ததாக நினைத்ததற்கும் நடுவே இருந்த தூரம் எனக்கே திகைப்பாக இருந்தது. இருபதாண்டு வாசகன் என்ற மிதப்பு கொஞ்சம் இறங்கியது.

இன்னொரு உதாரணம், இது கொஞ்சம் வேடிக்கையானது. கடைசிக்கு முந்திய பகுதியில் இறந்துபோகும் இரண்டாம் எண் – லியோ மக்கெர்ன் நடித்தது – கடைசிப் பகுதியில் உயிர்ப்பிக்கப்படுகிறார். தாடி மழிக்கப்பட்டு, முடி வெட்டப்பட்டு, புதிய மனிதராக எழுகிறார். மறுபிறப்பு, தீட்சை, சிலுவை என்று இதில் எழுதிக் குவிக்கலாம். எனக்கே கை துறுதுறுத்தது. ஆனால் தயாரிப்பு வரலாறு சொல்வது இது: இரண்டு பகுதிகளும் திரையில் அடுத்தடுத்து வந்தாலும் படமாக்கப்பட்டபோது நடுவே பல மாத இடைவெளி. அதற்குள் மக்கெர்ன் தன் முடியையும் தாடியையும் எடுத்திருந்தார். ஆகவே கதையிலேயே ஒரு சவரக் காட்சி வைக்கப்பட்டது. இதனால் மறுபிறப்பு வாசிப்பு பொய்யாகிவிடாது. நெருக்கடியிலிருந்து குறியீடு பிறப்பது கலையில் சகஜம். ஆனாலும் சவரக்கத்தியைப் பற்றி அறிந்தபின் மறுபிறப்பைப் பேசுகிறவர் சற்று அடக்கமாகப் பேசுவார். கூட்டாகத் தொகுக்கும்போது சவரக்கத்தியைப் பற்றித் தெரிந்த ஒருவர் எப்படியும் வந்துவிடுகிறார். தனியாக எழுதும் விமர்சகனின் அறைக்குள் அவர் வருவதில்லை.

சரி, படைப்பாளியையே கேட்டுவிடலாமே என்றால், அங்கே வழக்கு இன்னும் சிக்கலாகிறது. ஆறாம் எண் யார்? மகூஹன் அதற்கு முன் ‘டேஞ்சர் மேன்’ தொடரில் ஜான் ட்ரேக் என்ற உளவாளியாக நடித்துப் புகழ்பெற்றவர். அந்த ட்ரேக்தான் இந்த ஆறாம் எண் என்று திரைக்கதைத் தொகுப்பாளர் ஜார்ஜ் மார்க்ஸ்டைன் சொன்னார். இல்லவே இல்லை என்றார் மகூஹன். இருவருமே தொடரைப் பெற்றெடுத்தவர்கள். ரசிகர்கள் சான்றுகளை அடுக்குவார்கள்: ‘டேஞ்சர் மே’னில் பாட்டர் என்ற பெயரில் வந்த கிறிஸ்டோஃபர் பெஞ்சமின், இதிலும் ஒரு பகுதியில் பாட்டர் என்ற பெயரிலேயே வருகிறார்; போர்ட்மெய்ரியன் என்ற வேல்ஸ் நாட்டுக் கடலோர ஊர்தான் இந்தத் தொடரின் கிராமம், ‘டேஞ்சர் மே’னுக்காகவும் அங்கே படம்பிடித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் மேலாக ஒரு விஷயம். தொடரின் முகப்புக் காட்சியில் நாயகன் கோபமாக மேசையைக் குத்தி ராஜினாமாக் கடிதத்தை வைக்கிறானே, மேசைக்கு அந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் ஜார்ஜ் மார்க்ஸ்டைனேதான். பின்னாளில் மகூஹனோடு முரண்பட்டுத் தொடரிலிருந்து வெளியேறியவரும் அவர்தான். இதை எந்த நாவலாசிரியன் புனைந்திருந்தாலும் மிகை என்று ஒதுக்கியிருப்போம்.

ஆசிரியன் இறந்துவிட்டதாக ரொலான் பார்த் எழுதிய கட்டுரை முதலில் அச்சானதும் அதே 1967இல்தான். நம் சிற்றிதழ்களில் அதற்காக எவ்வளவு மை செலவாயிற்று! களஞ்சியத்தின் தொகுப்பாளர்களோ பார்த்தைப் படித்திராமலே அதைவிட நடைமுறையான ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆசிரியனைக் கொல்லவும் வேண்டாம், அரியணையில் ஏற்றவும் வேண்டாம். ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்து உட்காரவைத்துவிடலாம்.

இது எல்லோருக்கும் உவப்பாக இருக்காது. 2012 செப்டம்பரில் ஃபிலிப் ராத் விக்கிப்பீடியாவுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். நியூயார்க்கர் இதழின் தளத்தில் வந்தது. ‘த ஹ்யூமன் ஸ்டெய்ன்’ நாவலின் கோல்மன் சில்க், எழுத்தாளர் அனடோல் ப்ரோயார்டை வைத்து உருவானவர் என்ற பேச்சு கட்டுரையில் இருந்தது. தன் நண்பரும் சமூகவியலாளருமான மெல்வின் டூமினுக்கு நேர்ந்த ஒரு சம்பவமே தூண்டுதல் என்றார் ராத். நாவலை எழுதியவரே சொன்னாலும் வேறொரு சான்று வேண்டும் என்று களஞ்சியத்தின் தரப்பில் பதில் வந்ததாம். எழுத்தாளர்கள் பலர் ராத்தின் பக்கம் நின்று கொதித்தார்கள். நான் அன்றைக்கும் ராத்தின் பக்கம் முழுதாகச் சாயவில்லை. தூண்டுதல் எது என்பதில் ஆசிரியன் முக்கியமான சாட்சி, ஒரே சாட்சி அல்ல. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதம் அச்சேறிய கணத்தில் அதுவே மேற்கோளாகிவிட்டது.

பகுதிகளின் வரிசை விஷயத்துக்கு வருகிறேன். கூட்டுத் தொகுப்பின்மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான். ஒளிபரப்பான வரிசை ஒன்று, படமாக்கப்பட்ட வரிசை வேறு. ‘டான்ஸ் ஆஃப் த டெட்’ நான்காவதாகப் படமாக்கப்பட்டு எட்டாவதாக ஒளிபரப்பானது; எட்டாவது வாரத்தில் நாயகன், தான் இந்த ஊருக்குப் புதியவன் என்கிறான். பார்வையாளன் முழிக்கிறான். ஏழு பகுதிகள்தான் தன் எண்ணத்தில் இருந்தன என்று மகூஹனே 1977இல் கனடியத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு தொடங்கப்பட்ட ‘சிக்ஸ் ஆஃப் ஒன்’ என்ற ரசிகர் சங்கம் தனக்கென ஒரு வரிசையை வகுத்தது. இதில் எது சரி? தனி விமர்சகன் என்றால் ஒன்றைத் தேர்ந்து அதற்காக வாதாடியிருப்பான், மற்றவற்றை அடிக்குறிப்பில் புதைத்திருப்பான். களஞ்சியம் ஒரு அட்டவணை போட்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டது. சுவடிப் பதிப்பாளர்கள் பாடபேதம் காட்டுவதுபோல. முடிவு காணாமல் நிறுத்துவதைக் கோழைத்தனம் என்பார்கள் சிலர். ஒரு படைப்பு தன்னிடமே முடிவில்லாமல் இருக்கும்போது அதற்கு முடிவு எழுதிக்கொடுப்பது எந்த வகையில் வீரம் என்று எனக்குப் புரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அச்சில் வந்ததையே சான்றென்று கொள்ளும் முறையில், நாற்பது வருடம் ஒரு தொடரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ரசிகனின் அறிவு, ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிய செய்தியாளனின் அரைப் பத்திக்குக் கீழே வைக்கப்படுகிறது. 2007–2008 காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டுரை தேவையா என்ற சண்டை விக்கிப்பீடியாவின் நடுவர் குழு வரை போயிற்று. அந்த மனநிலையில் வெட்டுக்கத்தி எடுத்தவர்கள் குப்பையோடு சில நல்லவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள் என்றே நினைக்கிறேன். ரசிகர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கு 2003 முதலே மெமரி ஆல்ஃபா இருக்கிறது. அங்கே அன்பு இருக்கிறது, சிறு விவரங்கள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. ஆனால் ‘இதை எப்படிச் சொல்கிறாய்’ என்று கேட்கும் அந்நியன் அங்கே வருவது அபூர்வம். எனக்கு அந்த அந்நியன் வேண்டும்.

கடைசியாக, எனக்குத் தீராத ஒன்று. அநேகப் பகுதிகளின் தொடக்கத்தில் ஒரு உரையாடல் வரும். ஒன்றாம் எண் யார் என்று நாயகன் கேட்பான். நீதான் ஆறாம் எண் என்று பதில் வரும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பதிலுக்குள் ஒரு காற்புள்ளியை வைத்துக் கேளுங்கள் என்பார்கள் ரசிகர்கள்: ஒன்றாம் எண் நீதான், ஆறாம் எண்ணே! புதிரின் விடை முதலிலிருந்தே வாராவாரம் நம் காதில் ஓதப்பட்டுவந்தது என்று ஆகிவிடும். காற்புள்ளியைக் காதால் கேட்க முடியாது. பல பகுதிகளில் அந்தந்த வார இரண்டாம் எண்ணின் குரலே அதைச் சொல்வதால் அழுத்தமும் மாறிக்கொண்டிருக்கும்.

இந்தப் பதிலைத் தமிழ்க் களஞ்சியக் கட்டுரை ஒன்றில் எழுதவேண்டி வந்தால் என்ன செய்வது என்று சில இரவுகள் யோசித்திருக்கிறேன். ‘ஆறாம் எண் நீதான்’ என்றால் ரசிகர்களின் வாசிப்புக்கு இடமே இல்லை. ‘நீதான், ஆறாம் எண்ணே’ என்று விளித்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். நாம் பேச்சில் பெயரை அப்படியே சொல்லி அழைப்பதுண்டு, விளியுருபு போடாமல். ஆகவே இப்போது என் குறிப்பேட்டில் ‘நீதான் ஆறு’ என்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக எனக்குப் படுகிறது. மேற்கோள் கேட்டால் என்னிடம் இல்லை.